அறிவியல் தொழில்நுட்பத் துறை எதற்கு? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் வேதியியலில் பிஎச்டி செய்கிறாள், மத்திய அரசின் உதவித்தொகையில். பல மாதங்களாகப் பணம் வரவில்லை. பல்கலைக்கழகத்தில் கேட்டால் தில்லியைக் கைகாட்டுகிறார்கள், தில்லிக்குப் போன் செய்தால் எடுக்க ஆளில்லை. என் கேள்வி இதுதான். ராக்கெட்டுக்கு இஸ்ரோ இருக்கிறது, அணுசக்திக்குத் தனித் துறை, ராணுவத்துக்கு டிஆர்டிஓ. அப்புறம் அறிவியல் தொழில்நுட்பத் துறை என்று ஒன்று எதற்கு? யாரும் படிக்காத கொள்கை அறிக்கைகளை வெளியிடவா? பேசாமல் ஆராய்ச்சியைத் தனியாரிடம் விட்டுவிட்டால் என்ன?

செ., திருநெல்வேலி

அன்புள்ள செ.,

உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருநெல்வேலியில் இருக்கிறீர்கள், திருவனந்தபுரத்து சித்ரா ஆஸ்பத்திரியைத் தெரியாமல் இருக்காது. தென் மாவட்டங்களில் இதயத்திலோ மூளையிலோ பெரிய சிக்கல் என்றால் பலரும் பஸ் ஏறிப் போகிற இடம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் என்பது முழுப்பெயர். அது சுகாதாரத் துறையின் கீழ் இல்லை, நீங்கள் எதற்கு என்று கேட்கும் இதே துறையின் கீழ்தான் இருக்கிறது. 1980இல் நாடாளுமன்றச் சட்டம் வழியாகத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. ஒரே வளாகம் என்று சொல்ல முடியாது, ஆஸ்பத்திரி ஒரு பக்கம், மருத்துவக் கருவிகளை உருவாக்கும் ஆய்வுப் பிரிவு பூஜப்புரையில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் பழைய அரண்மனையில்.

அங்கே எம். எஸ். வலியத்தான் என்ற இதய அறுவை நிபுணர் இருந்தார். அன்றைக்கு இந்தியாவில் ஏழைக் குழந்தைகளுக்குச் சாதாரணத் தொண்டை வலியாகத் தொடங்கி, மூட்டெல்லாம் வீங்கும் காய்ச்சலாக மாறி, கடைசியில் இதய வால்வைக் கெடுத்துவிடும் நோய் மிகப் பரவலாக இருந்தது. வால்வை மாற்ற வேண்டும். செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதன் விலையை அந்தக் குடும்பங்கள் நினைத்துப் பார்க்கவே முடியாது. சரி, நாமே செய்வோம் என்று 1970களில் இறங்கினார்கள். வலியத்தானோடு ஜி. எஸ். புவனேஸ்வர் என்ற பொறியாளரும் ஒரு சிறு குழுவும்.

முதல் மாதிரி தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதில், வால்வுக்குள் திறந்து மூடும் வட்டத் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்து பார்த்தார்கள், அது உடைந்தது. அந்தத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி தடவை திறந்து மூட வேண்டும், அதுவும் ஓடுகிற ரத்தத்துக்குள், ரத்தம் உறையாமல், தேயாமல், விரிசல் விடாமல். ஆட்டின் இதயத்தில் வைத்துப் பார்க்கிறார்கள், மறுபடி வரைபடத்துக்குத் திரும்புகிறார்கள். நான்காவது மாதிரியில் தட்டுக்கு ஒரு வகைக் கடினமான பாலிஎதிலீன், சட்டத்துக்குக் கோபால்ட் கலந்த உலோகம், தையல் வளையத்துக்குப் பாலியெஸ்டர் துணி. அது நின்றது. 1990 டிசம்பரில் முதல்முறையாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள். பிறகு சென்னையின் டிடிகே குழுமம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது, இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பொருத்தியாகிவிட்டது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதைத் தனியாரிடம் விட்டிருந்தால்? டிடிகே வந்தது, நல்ல வேலையும் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எப்போது வந்தது? வால்வு வேலை செய்யும் என்று தெரிந்த பிறகு. அதற்கு முன்பிருந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள், மூன்று தோல்விகள், ஒரு ரூபாய்கூடத் திரும்பி வராத காலம், அதற்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? அரசுதான். லாபக் கணக்குக் காட்ட வேண்டிய ஒரு கம்பெனி இரண்டாவது தோல்வியிலேயே கடையைச் சாத்தியிருக்கும், அதைக் குற்றம் என்றும் சொல்ல மாட்டேன், கம்பெனியின் இயல்பு அது.

1971 மே மாதம் தொடங்கிய இந்தத் துறையின் முக்கியமான வேலை என்று நான் நினைப்பது இந்த மெதுவான பணம். ராக்கெட் போல டிவியில் தெரியாது. கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம்பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அந்த ஆய்வகமும் காவலூர்த் தொலைநோக்கியும் இத்துறையின் கீழுள்ள இந்திய வானியற்பியல் கழகத்தைச் சேர்ந்தவை. நம் ஊர்க் கல்லூரிகளில் 'டிபார்ட்மெண்டுக்கு ஃபிஸ்ட் கிடைச்சிருக்கு' என்று பேராசிரியர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள், அதுவும் 2000இலிருந்து இந்தத் துறை கொடுக்கும் கருவிகளுக்கான பணம். ஐஐடி இல்லாத ஊர்களில் ஆராய்ச்சி என்று ஏதாவது நடக்கிறது என்றால் பெரும்பாலும் இப்படி வருகிற சின்னத் தொகைகளில்தான்.

கொள்கை அறிக்கைகளைப் பற்றி நீங்கள் சொன்னது பாதி சரி. 1958 மார்ச்சில் நேரு காலத்தில் வந்த அறிவியல் கொள்கைத் தீர்மானம் மிகச் சிறியது, இன்றும் படிக்கத் தகுந்தது. பிறகு 1983, 2003, 2013, 2020இல் ஒரு வரைவு. 2003 அறிக்கை, பத்தாவது ஐந்தாண்டுத் திட்டம் முடிவதற்குள், அதாவது 2007க்குள், ஆராய்ச்சிச் செலவை நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக்குவோம் என்றது. அதே 2 சதவீதம் 2013 அறிக்கையிலும் இலக்காக இருக்கிறது. அரசே வெளியிட்ட கணக்கில் 2020-21இல் அது 0.64 சதவீதம். எனவே அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, பணம் எங்கே போகிறது, எந்தத் தேதியில் போகிறது என்று பார்ப்பதே என் வழக்கம்.

அப்படிப் பார்த்தால்தான் கவலை வருகிறது. 2025-26 பட்ஜெட்டில் இத்துறைக்கு ஒதுக்கிய சுமார் 28,500 கோடியில் 20,000 கோடி ஒரே ஒரு புதிய நிதிக்கு. மொத்தம் ஒரு லட்சம் கோடி என்று 2025 ஜூலையில் அமைச்சரவை ஒப்புக்கொண்ட அந்த நிதி, தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்ய நீண்டகாலக் கடன் கொடுப்பது, குறைந்த வட்டிக்கோ வட்டியே இல்லாமலோ. நீங்கள் கேட்டது ஏறக்குறைய நடந்துவிட்டது. நான் இதை எதிர்க்கவில்லை, நம் தனியார் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மிகக் குறைவு, அவர்களை இழுத்து வர ஏதாவது செய்தே ஆக வேண்டும். ஆனால் அது ஓரளவு நிரூபணமான தொழில்நுட்பங்களுக்கான பணம். நீலக்கல் தட்டு உடைந்துபோன கட்டத்தில் இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. 2023 சட்டத்தில் வந்த அனுசந்தான் ஆராய்ச்சி அறக்கட்டளை அவர்களுக்கானது என்றார்கள். ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி, அதில் அரசு தருவது 14,000 கோடி, மிச்சம் 36,000 கோடி அரசுக்கு வெளியே, தொழில் நிறுவனங்கள் போன்ற இடங்களிலிருந்து வரும் என்பது கணக்கு. அவர்கள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் கிடையாது.

இந்தப் பெரிய எண்களுக்கு நடுவில்தான் உங்கள் மகள் இருக்கிறாள். மூத்தவர்கள் பலருக்கு இந்தத் தொகையே தெரியாது: 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், அதற்கு முன்பு 31,000. ஒவ்வொரு உயர்வுக்கும் மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. அந்தப் பணத்தில்தான் விடுதி வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம். அது ஆறு மாதம் வராவிட்டால் ஆய்வாளர் கடன் வாங்குகிறார், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை ஆய்வையே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறது. அடுத்த வால்வைச் செய்திருக்க வேண்டிய ஆள் அங்கேயே போய்விடுகிறார். உதவித்தொகை தாமதத்தை ஆபீஸ் சிக்கல் என்று யாராவது சொன்னால் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருகிறது. இந்தத் துறை செய்வதிலேயே தலையாய வேலை அது, மாதம் பிறந்ததும் நேராக மாணவரின் வங்கிக் கணக்கில் விழ வேண்டும், அதற்குத் தேவையான கணினி வசதியெல்லாம் நம்மிடம் எப்போதோ வந்துவிட்டது.

அதுவரை ஒரு நடைமுறை யோசனை. பெரும்பாலும் இந்தப் பணம் பல்கலைக்கழகம் வழியாக வருகிறது, போன ஆண்டுப் பணத்துக்கான யூசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ், போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை நகரும். அது பல்கலைக்கழக நிதி அலுவலரின் கையெழுத்துக்காகவே வாரக்கணக்கில் மேசையில் கிடப்பது உண்டு. மகளிடம் யூசியும் ஆண்டறிக்கையும் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டன என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். போயிருந்தால் அந்தத் தேதியைக் குறிப்பிட்டு மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதியலாம், உங்கள் தொகுதி எம்பிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், நாடாளுமன்றத்தில் கேள்வியாக வந்தால் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். இதே நிலையில் உள்ள மற்ற ஆய்வாளர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள், தனி ஆளாக எழுதுவதைவிட அது எடுபடும்.

வேதியியலில் எதைப் பற்றி ஆய்வு செய்கிறாள் என்று நீங்கள் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தில் அவளையே எழுதச் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்