வீட்டு வேலைக்கு வருபவரே என்னையும் தூக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. தசைச்சிதைவு நோயால் 12 ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் அண்ணன் குடும்பத்தோடு வாழ்கிறேன். அம்மா இருந்தவரை குளிக்க வைப்பது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது எல்லாம் அவரே பார்த்துக்கொண்டார். அவர் காலமான பின், பாத்திரம் விளக்க வருபவரிடமே என்னையும் கவனிக்கச் சொன்னார் எங்கள் நங்கையா (அண்ணி). இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் நின்றுவிட்டனர். வேளை தவறாமல் திண்ணையில் உட்கார வைத்து, தனி டம்ளரில் காப்பியும் பலகாரமும் கொடுத்தோம். ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போது என்னை ஏதாவது ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: உங்களுக்கு விருப்பமில்லை என்பதே முதல் காரியம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 5ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையைத் தருகிறது. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயம் மாற்றுத்திறனாளிக்கு இருக்கக் கூடாது என்றும், வீட்டிலேயே உதவியாளரின் துணை கிடைக்க அரசு முயல வேண்டும் என்றும் அது சொல்கிறது. இதை அண்ணனிடம் சண்டைக்காக அன்றி, பேச்சின் தொடக்கமாக எடுத்துச் சொல்லுங்கள்.

மூவரும் நின்றதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாசல் தெளித்துப் பாத்திரம் விளக்குவது ஒரு வேலை. ஒருவரின் உடலைத் தொட்டுத் தூக்கிக் குளிப்பாட்டுவது முற்றிலும் வேறு வேலை. இரண்டையும் ஒரே சம்பளத்தில் கேட்டால், விடியற்காலையில் ஊருக்குள் வரும் மில் வேனில்தான் அவர்கள் ஏறிப்போவார்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என உங்களுக்கு மட்டும் தனியாக ஓர் ஆளை அமர்த்துங்கள். சம்பளம், வார விடுப்பு, அவர் வராத நாளில் யார் வருவது என்பதையெல்லாம் முன்பே பேசிவிடுங்கள்.

தூக்கும் முறையையும் மாற்ற வேண்டும். உங்கள் நோயில் தோளைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும் என்பதால், அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் உடல் நழுவும், மூட்டும் பிசகலாம். தூக்குபவரின் இடுப்பும் பிடித்துக்கொள்ளும். கட்டிலின் உயரத்தை நாற்காலியின் இருக்கைக்குச் சமமாக்கி, கைப்பிடி கழற்றக்கூடிய நாற்காலியை ஒட்டி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, தச்சரிடம் வழவழப்பாக இழைத்து வாங்கிய பலகையை இரண்டுக்கும் நடுவே பாலமாக வைத்தால், தூக்காமல் நகர்த்தியே உட்கார வைத்துவிடலாம். என் தம்பியை ஆறு ஆண்டுகள் இப்படித்தான் பார்த்துக்கொண்டோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். பலகையைப் பயன்படுத்தும் முறையை அவரிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.

அந்தத் தனி டம்ளரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல முடியவில்லை. உங்கள் உடம்பைக் கழுவிவிட்ட கை, உங்கள் வீட்டு டம்ளரைத் தொடக் கூடாது என்றால் அந்த மனிதருக்கு எப்படி வலித்திருக்கும்! நீங்கள் அதை உபசரிப்பு என்றே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் எனக்குக் கூடுதலாக வருத்தம். அடுத்து வருபவர் அடுப்படியில் உங்களோடு அமர்ந்து, நீங்கள் குடிக்கும் டம்ளரிலேயே குடிக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். தசைச்சிதைவு நோயாளிகளுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. பெறவில்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையோடு ஈரோடு மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பாதிப்புள்ளவர்கள் உயர் ஆதரவு (அன்றாடக் காரியங்களுக்குத் தேவைப்படும் கூடுதல் துணை) கேட்டு விண்ணப்பிக்க அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்கிறது. உங்கள் சார்பில் வேறொருவரும் விண்ணப்பிக்கலாம். இந்த உதவித்தொகை மட்டும் முழுச் சம்பளத்துக்குப் போதாது. மீதியைத் தோட்ட வருமானத்தில் உங்களுக்குள்ள பங்கிலிருந்து கேட்பதில் தயக்கம் வேண்டாம். வருபவரை வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதிவு செய்யவும் உதவுங்கள்.

புதிய ஆள் வரும் முதல் நாள் நங்கையா அருகில் இருக்கட்டும். ஆனால் எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும், எப்போது கதவைச் சாத்த வேண்டும் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லிக்கொடுங்கள்.