கொல்லையில் பிள்ளைகளுக்குத் தடை ஓட்டப் பாதை: கேட்டதும் சொன்னதும்

பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும் விளையாட்டுச் சாமான் பதித்துத் தருவதுதான் என் தொழில். ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் கடலோரத்தில்தான் பெரும்பாலும் வேலை. லீவு நெருங்கியதும் எல்லோரும் கொல்லையில் ஏறவும் தொங்கவும் தாண்டவும் ஏதாவது அமைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கேட்டவரை எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, மரத்துக்கு மரம் பெல்ட் மாதிரிப் பட்டை கட்டி வளையம் தொங்கவிடும் நிஞ்ஜா செட் ஆன்லைனில் பார்த்தோம். கொல்லையில் இரண்டு தென்னை நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஐந்து வயசு, ஒன்பது வயசு. வாங்கலாமா?

செட்டை வாங்கலாம், ஆனால் தென்னையில் கட்டாதீர்கள். காய்க்கிற தென்னைக்கு அடியில் பிள்ளைகள் மணிக்கணக்கில் நிற்கிற மாதிரி எதையுமே வைக்கக் கூடாது, நெற்று விழும், குரும்பை விழும், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மட்டையே பெயர்ந்து வரும். பனையும் அதே கதைதான், காய்ந்து விழுகிற மட்டையின் கருக்கு பிள்ளையின் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வேம்பு, புளி, நன்றாகப் பருத்த பூவரசு இருந்தால் பாருங்கள். அடிமரம் ஓர் அடிக்குக் குறையாத குறுக்களவு இருக்க வேண்டும், உள்ளே பொந்து இருக்கக் கூடாது. கட்டுகிற பெல்ட் பட்டைக்கு அடியில் சாக்கைச் சுற்றிவிட்டால் மரத்துக்கும் காயமில்லை, பெல்ட்டும் தேயாது.

உயரத்தை விளம்பரப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளை தொங்கும்போது பட்டை நடுவில் நன்றாகத் தொய்யும், தொய்ந்த பிறகும் கால் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்கிற மாதிரி கட்டுங்கள். அது ஒன்பது வயசுப் பிள்ளைக்கு. ஐந்து வயசுக்கு இந்தத் தொங்கலே வேண்டாம், கைப்பிடி பலம் இன்னும் வரவில்லை. அண்ணன் தொங்குவதைப் பார்த்துத் தானும் தொங்கும் என்பதால், பயன்படுத்தாத நேரத்தில் வளையங்களைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள்.

கீழக்கரையிலிருந்து: காக்கா (அண்ணே), எங்கள் முற்றம் சிமெண்ட் தளம். மேலே மெத்தை விரித்தால் போதாதா?

ஏறுவது, தொங்குவது என்றால் போதாது. மெத்தை நகரும், பிள்ளை மெத்தை இல்லாத பக்கம்தான் விழும். சிமெண்ட் தளத்தில் தரைமட்ட விளையாட்டு மட்டும் வையுங்கள்: பெஞ்சுக்கு அடியில் தவழ்வது, சுண்ணாம்புக் கோட்டில் ஒற்றைக்காலில் நொண்டுவது, தரையில் படுக்கவைத்த கயிற்றின் மேல் நடப்பது.

இதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சாமானுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர்கள் தரைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்வதில்லை. பிள்ளைகள் விழத்தான் செய்வார்கள், அதைத் தடுக்க முடியாது. எதன் மேல் விழுகிறார்கள் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. மிதிபட்ட மண்ணும் புல்தரையும் கண்ணுக்கு மெத்தென்று தெரியும், தலைக்கு அவை காப்பு இல்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வீட்டு விளையாட்டு இடங்களுக்குச் சொல்லும் கணக்கையே நான் பின்பற்றுகிறேன்: 9 அங்குலம் ஆழத்துக்குத் தளர்வான மணல் இருந்தால் 4 அடி உயரம் வரை விழுவதைத் தாங்கும். மணல் நாளாக நாளாகப் படியும் என்பதால் முதலில் ஓர் அடி நிரப்பிவிடுங்கள். சாமானைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடிக்கு இந்த மணல் இருக்க வேண்டும், அந்த 6 அடிக்குள் மதில், துவைக்கிற கல், பம்புசெட், உறைகிணறு எதுவும் வரக் கூடாது. கிணற்றுக்கு எப்படியும் கம்பி மூடி போட்டே ஆக வேண்டும், விளையாட்டு இடம் எவ்வளவு தள்ளி இருந்தாலும் சரி. இவ்வளவு இடம் இல்லையென்றால் ஏறும் சாமானே வேண்டாம்.

பாம்பனிலிருந்து: எங்கள் கொல்லை முழுக்க மணல்தானே அண்ணே, அப்படியே விட்டுவிடலாமா?

ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். நடந்து நடந்து இறுகிய மணல் நாலு விரல்கடைக்குக் கீழே கெட்டியாக நிற்கும். மண்வெட்டியால் ஓர் அடிக்குக் கொத்திவிட்டு, சலிக்க வேண்டும். நம் பக்கத்து மணலில் சிப்பி ஓடு, நெருஞ்சி, கண்ணாடித் துண்டு, தூண்டில் முள் எல்லாம் கிடக்கும். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு தடவை கிளறிவிடுங்கள். மழை பெய்து ஈரம் இறுகிய மணல் தரை மாதிரியே ஆகிவிடும், ஐப்பசி கார்த்திகையில் காயும் வரை ஏற விடாதீர்கள். ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடுவது முக்கியம், நாயும் பூனையும் மணலில் அசிங்கம் செய்தால் கொக்கிப்புழு பிள்ளைகளின் வெறுங்கால் வழியாகவே தோலுக்குள் போகும். மணல் போதவில்லை என்று கடற்கரையிலிருந்து அள்ளிவரவும் வேண்டாம்.

தொண்டியிலிருந்து: நாங்கள் கடல் தொழில்தான். பழைய வலையும் படகுக் கயிறும் கிடக்கிறது. அதையே ஏறும் வலையாகக் கட்டலாமா?

கயிற்றைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை அண்ணே, ஆனால் வலையை மட்டும் வேண்டாம் என்பேன். நரம்பு (நைலான் இழை) வலை பிள்ளையின் எடை இறங்கும்போது விரலை அறுக்கும், வலையின் சின்னக் கண்ணில் விரலும் கால் நகமும் மாட்டும். இன்னொரு பெரிய ஆபத்து தலை. உடம்பு நுழைந்து தலை நுழையாத அளவில் கண் இருந்தால் பிள்ளை கழுத்தில் தொங்கிவிடும். அதனால் ஏறும் வலையின் ஒவ்வொரு கண்ணையும் சுற்றளவில் அளந்து பாருங்கள். 17 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 28 அங்குலத்துக்கு மேல். இடைப்பட்ட அளவு கூடவே கூடாது. படி, கம்பி இடைவெளிகளுக்கும் இப்படித்தான்: மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவில் எந்தச் சந்தும் இருக்க வேண்டாம்.

புதுக் கயிறு வாங்கி நீங்களே பின்னுங்கள், உங்கள் கைவேலைக்கு எந்தக் கடைச் சரக்கும் ஈடாகாது. கட்டைவிரல் பருமன் இருந்தால் பிடிக்கச் சுகமாக இருக்கும். பச்சை, நீல நிறத்தில் மலிவாக வரும் பிபி (பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்) கயிறு வெயிலில் நொறுங்கிப் பொடி உதிரும், அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் அன்றே அறுத்துப் போட்டுவிடுங்கள். தொங்கும் கயிறு எதுவாக இருந்தாலும் கீழ் நுனியையும் தரையில் கட்டி இழுத்துவிடுங்கள், சுருக்கு விழ வழியே இருக்கக் கூடாது.

அப்புறம், பழைய வள்ளத்துப் பலகையைச் சாய்வுப் பலகையாகப் போட நினைப்பீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அடிப்பாகத்தில் பூசுவது பாசியும் புழுவும் ஒட்டாமல் இருப்பதற்கான விஷப் பூச்சு. பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அது வேண்டாம்.

தேவிபட்டினத்திலிருந்து: இரும்புக் குழாயில் செய்து கொடுத்தார்கள், ஒரு மழைக்கே துருப் பிடித்துவிட்டது. என்ன போடுவது?

கடலோரத்தில் வெறும் இரும்பும் மேலே பெயிண்டும் நிற்காது. ஜிஐ குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) போடுங்கள், ஆனால் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். முடிந்தால் வெல்டே இல்லாமல் போல்ட் போட்டு இணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வெல்டுக்கு மேல் துத்தநாக பெயிண்ட் இரண்டு கோட் அடிக்க வேண்டும். கொக்கி, சங்கிலி மாதிரி எடை தாங்கும் சின்னச் சாமான்களுக்கு மட்டும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், 304 உப்புக்காற்றில் கறுத்துப் புள்ளி புள்ளியாக அரிக்கும். விலை கூடத்தான், ஆனால் பிள்ளை தொங்குவது அந்தக் கொக்கியில்தான்.

குழாய் தரையோடு சேரும் இடத்தில்தான் உள்ளுக்குள்ளேயே தின்னும், அங்கே சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தம் மந்தமாக வந்தால் மாற்றிவிடுங்கள். நம் மணலில் கால் சாயும் என்பதால் இரண்டரை அடிக்குக் குறையாமல் இறக்கி கான்கிரீட் போடுங்கள், கான்கிரீட்டின் தலை தரைக்கு மேலே தெரியவே கூடாது. உப்புத் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள், கொத்தனார் பக்கத்தில் நின்று பாருங்கள்.

சவுக்குக் கம்பும் நல்லதுதான், பட்டை உரித்து, கறையானுக்கு மருந்து வைத்து நட்டால். பனஞ்சட்டத்தில் நடைப்பலகை மட்டும் வேண்டாம், அந்தக் கறுப்புச் சிராய் காலில் ஏறினால் லேசில் எடுக்க முடியாது.

ஏர்வாடியிலிருந்து: ஹெல்மெட் போட்டு விடலாமா?

ஏறும் சாமானில் போடாதீர்கள். சந்தில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டால் வார் கழுத்தை நெரிக்கும். சைக்கிளோடு ஹெல்மெட்டை நிறுத்திக்கொள்ளுங்கள். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, கயிறு வைத்த சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏற விட வேண்டும்.

உச்சிப்புளியிலிருந்து: பழைய டயர் நிறைய இருக்கிறது, பாதி புதைத்து வைக்கலாமா?

வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பிடித்ததே டயர்தான். உள்ளிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டயரை ஒதுக்குங்கள். மற்றதில் அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை பெரிதாகப் போட்டால்தான் தண்ணீர் நிற்காது, டெங்குக் கொசு டயர்த் தண்ணீரைத் தேடி வரும். உள்பள்ளத்தை மணலால் முழுக்க அடைத்துவிடுங்கள். தேளும் சுருட்டை விரியனும் பகலில் ஒதுங்குவது இப்படிப்பட்ட இருட்டுச் சந்தில்தான், அதனால் தினமும் விளையாட விடுவதற்கு முன்னால் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள். பொழுது சாய்ந்த பிறகு வேண்டாம்.

மண்டபம் ஊரிலிருந்து: துள்ளிக் குதிக்கிற டிராம்போலின்?

நான் போட்டுத் தருவதில்லை. வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. அடிபடுவதில் முக்கால்வாசி ஒரே நேரத்தில் பலர் குதிக்கும்போது நடக்கிறது, நம் வீட்டில் ஒருவர் ஒருவராகக் குதி என்றால் யார் கேட்கிறார்கள்? மண்டபத்துக் காற்றில் அது பறந்தும் போகும்.

திருப்புல்லாணியிலிருந்து: நாலு, ஏழு, பதினொன்று என மூன்று வயசில் பிள்ளைகள். குறைந்த செலவில் எல்லோருக்கும் எப்படி அமைப்பது?

உயரம் கூட்டினால்தான் சுவாரசியம் என்று நினைக்காதீர்கள் அக்கா. பிள்ளைகளுக்குப் பிடிப்பது மாற்றம்தான். நடைப்பலகை நாலு வயசுக்கு ஓர் அடி உயரத்துக்கு மேல் வேண்டாம், பெரியவர்களுக்கும் 16 அங்குலம் தாராளம். அதே பலகையில் பதினொரு வயசுப் பிள்ளையைத் தலையில் ஒரு துணி மடிப்போடு நடக்கச் சொல்லுங்கள், கையில் தண்ணீர்ச் செம்போடு நடக்கச் சொல்லுங்கள், எவ்வளவு கஷ்டப்படுகிறான் பாருங்கள். டயர் தாண்டல், சாக்கு ஓட்டம், கயிற்றுக்கு அடியில் மணலில் ஊர்வது, கடைசியில் ஒரு மணி அடிப்பது, இவ்வளவே போதும். வரிசையை வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளையே மாற்றி அமைக்க விடுங்கள். பெரியவன் போன பிறகு சின்னவன் போகட்டும், இரண்டு பேரை ஓட்டப் பந்தயம் விடாதீர்கள். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் சறுக்கும் இரும்புக் கம்பியும் கையைச் சுடும், உங்கள் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு விடுங்கள், காலை ஒன்பதுக்குள், இல்லையென்றால் மாலையில்.

சிக்கல் ஊரிலிருந்து: கவனமாக இருந்தும் விழுந்துவிட்டால்?

தொங்கும்போது விழுகிற பிள்ளை கையை ஊன்றும், முழங்கைக்கு மேலே உடைவது அதனால்தான் அதிகம். வீங்கினால், கோணலாகத் தெரிந்தால் இழுத்து நிமிர்த்த வேண்டாம், எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம், கட்டுப் போடுகிறவரிடமும் போக வேண்டாம். மடித்த செய்தித்தாளோ அட்டையோ வைத்து, இருக்கிற நிலையிலேயே அசையாமல் கட்டி, எக்ஸ்ரே எடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல்கள் வெளுத்தாலோ மரத்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. தலையில் அடிபட்டு நினைவு தப்பினால், வாந்தி எடுத்தால், வழக்கமில்லாத தூக்கம் வந்தால், கழுத்து வலி என்று சொன்னால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஓடாதீர்கள், 108-ஐக் கூப்பிட்டு, வண்டி வரும் வரை படுத்த இடத்திலேயே அசையாமல் வைத்திருங்கள்.