கஷ்டத்தில் கடவுளுக்கு நன்றி சொல்வது எப்படி?

"நேர்மையாக வாழ்ந்தும் கஷ்டம் தீரவில்லை, இந்த நிலையில் நன்றி சொன்னால் அது நடிப்பாகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடிக்கவே வேண்டாம். வேதாகமத்தில் ஆபகூக் என்ற தீர்க்கதரிசியின் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள், மூன்றே அதிகாரம்தான். நான் எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேட்கவில்லையே என்ற முறையீட்டோடுதான் அது தொடங்குகிறது. கடவுள் அவரை அதட்டி அடக்கவில்லை. நீதிமான் தன் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்று பதில் சொல்கிறார் (2:4). நீதியாக நடப்பவனுக்குத் துன்பமே வராது என்று அங்கே வாக்குறுதி எதுவும் இல்லை.

கடைசி அதிகாரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அத்திமரம் துளிர்க்காவிட்டாலும், திராட்சைச்செடி காய்க்காவிட்டாலும், வயலில் விளைச்சல் இல்லாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் என்று இழப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குகிறார். அப்புறம்தான், கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். எதையும் மூடி மறைக்காத நன்றி அது.

நம்பிக்கையும் அப்படித்தான். நாளைக்கே நிலைமை மாறிவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதில்தான் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை நிற்கிறது.

இன்று நன்றி வாயில் வரவில்லையா? சரி, மனக்குறையையே ஜெபமாகச் சொல்லுங்கள். வேதாகமத்தில் உள்ள ஜெபப் பாடல்களில் ஒன்றான 13-ஆம் சங்கீதமும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.