பத்து மணித் தேர்வு இரண்டு மணிக்கு முடியும்

வாசகர் கேள்வி – பதில்: கல்லூரித் தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர், அவகாசம்

? என் மகன் பி.ஏ. பொருளாதாரம் முதலாண்டு படிக்கிறான். பெருமூளை வாதம், அட்டையில் ஊனம் 60 சதவிகிதம் என்று இருக்கிறது. பள்ளியில் சொல்வதை எழுதுபவரை ஆசிரியர்களே ஏற்பாடு செய்து தந்தார்கள். கல்லூரியில் யாரும் எதுவும் கேட்கவில்லை. நவம்பரில் செமஸ்டர். என்ன செய்வது?
– ஒரு தாய், தென்காசி

கேட்க மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பொதுத்தேர்வுக்கு வாங்கிய ஆணை கல்லூரியில் செல்லாது. துறைத் தலைவர், முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள். யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலை இணையுங்கள். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கொடுத்துவிடுங்கள். ஹால் டிக்கெட் வந்தபிறகு கொடுத்தால், ஆணை வருவதற்குள் முதல் பேப்பர் முடிந்துவிடும்.

பார்வையின்மை, இரு கைகளிலும் பாதிப்பு, பெருமூளை வாதம் ஆகிய மூன்றுக்கும் விரும்பிக் கேட்டாலே எழுதுபவரைத் தர வேண்டும் என்கிறது 29.8.2018 தேதியிட்ட மத்திய அரசு வழிகாட்டுதல். மற்றவர்கள்தான் எழுத இயலாமைக்கு அரசு மருத்துவமனைச் சான்று தர வேண்டும். கூடுதல் நேரம் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம்; 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரமாகும். எழுதுபவர் வேண்டாம், நேரம் மட்டும் போதும் என்றாலும் அந்த ஒரு மணி நேரம் உண்டு.

பொருளாதாரம் என்பதால் ஒன்று சொல்கிறோம். தேவைக் கோட்டை வாயால் சொல்லி வரைய வைப்பது சுலபமில்லை. ‘படுக்கை அச்சில் அளவு, நிமிர்ந்த அச்சில் விலை, கோடு இடது மேலிருந்து வலது கீழே’ என்று மகன் சொல்லப் பழக வேண்டும், எழுதுபவர் வரையப் பழக வேண்டும். தேர்வுக்கு 2 நாள் முன்பே எழுதுபவரைச் சந்திக்க விதி இடம் தருகிறது. அந்தச் சந்திப்பில் வெறுமனே அறிமுகம் செய்துகொண்டு திரும்பாமல், ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள். மொழிப் பாடத்துக்கு வேறு ஒருவர் வேண்டுமென்றால் அதையும் கேட்கலாம். நீங்களே ஆள் கொண்டுவந்தால், 2018 விதிப்படி அவர் படிப்பு மகனுடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வகுப்புத் தோழனைக் கூட்டிப் போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான்.

ஆணையின் நகலை ஹால் டிக்கெட்டோடு தினமும் எடுத்துச் செல்லட்டும். மேற்பார்வையாளர் நாளுக்கு நாள் மாறுவார். 10 மணித் தேர்வு மற்றவர்களுக்கு முடியும் 1 மணிக்கு, விடைத்தாள் கட்டுக் கட்டும் அவசரத்தில் உங்கள் மகனின் தாளையும் கேட்பார். பின்னாளில் அரியர் விழுந்து, காலை 10 முதல் 1, மதியம் 2 முதல் 5 என்று ஒரே நாளில் இரண்டு பேப்பர் வந்தால், மகன் வெளியே வரும் நேரமும் அடுத்தது தொடங்கும் நேரமும் ஒன்றே, 2 மணி. சாப்பாட்டுக்குக்கூட இடைவெளி இருக்காது. கால அட்டவணை வந்த அன்றே எழுத்தில் முறையிடுங்கள்.

? எனக்கு எழுதும்போது விரல்கள் இறுகிக்கொள்ளும். சான்றிதழில் ஊனம் 40 சதவிகிதம் இல்லை என்று கல்லூரியில் எழுதுபவரைத் தர மறுக்கிறார்கள்.
– மாணவி, ஈரோடு

மறுப்பது தவறு. இதே ‘ரைட்டர்ஸ் கிராம்ப்’ உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வு தொடர்பாகத் தொடுத்த வழக்கில், எழுதுபவர் வசதியை 40 சதவிகிதத்துக்கு மேல் உள்ளவர்களோடு நிறுத்திவிடக் கூடாது என்று 11.2.2021 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டி 10.8.2022-ல் 40-க்குக் கீழ் உள்ளவர்களுக்கெனத் தனி வழிகாட்டுதலும் வந்துவிட்டது. விண்ணப்பத்தில் இரண்டையும் தேதியோடு குறிப்பிடுங்கள். இதற்கான சான்றுப் படிவத்தில் அரசு மருத்துவமனைக் குழு கையெழுத்திட வேண்டும். ஒரே நாளில் முடிகிற வேலையில்லை, ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். நோயின் பெயர் மட்டும் இருந்தால் அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் புரியாது. எத்தனை நிமிடத்தில் கை இறுகுகிறது, அதன்பின் எழுத்து என்ன ஆகிறது என்பதையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

? டெங்குவால் மூன்று வாரம் கல்லூரி போகவில்லை. அண்ணா பல்கலைக்கழக இணைவுக் கல்லூரி. வருகை 68 சதவிகிதம். தேர்வு எழுத முடியுமா?
– மாணவர், கரூர்

முடியும். 75 தேவை, 65-க்கும் 75-க்கும் இடையே இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். 400 பீரியட் என்று வைத்துக்கொண்டால், 260-ஐத் தொட்டிருந்தால்தான் இந்த வழி. உங்களுக்கு 272. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி வையுங்கள், வெறும் மருந்துக் கடை ரசீது போதாது. உடம்பு இன்னும் தேறவில்லை என்றால், குறிப்பிட்ட பேப்பர்களிலிருந்து ‘வித்ட்ராயல்’ கேட்கலாம். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரே முறைதான், வழக்கமாக 10 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். முதல் வகுப்பு சிறப்புத் தகுதிக்குக் கணக்கிடும்போது அதை ஒரு முயற்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லாமல் போகாமலிருந்தால் அரியர்தான்.

? 2023-ல் பிஎச்.டி. சேர்ந்தேன். முதல் குழந்தைக்கு 180 நாள் விடுப்பு எடுத்தேன். இப்போது இரண்டாவது. காலம் போதுமா?
– ஆய்வு மாணவி, மதுரை

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிப்படி மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு இரண்டும் சேர்த்து ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாள் வரைதான். ஆகவே மீதி 60. ஆனால் ஆண்டுக் கணக்கில் நெருக்கடி இல்லை: 6 ஆண்டு, மறுபதிவில் மேலும் 2, பெண்களுக்குத் தளர்வாக இன்னும் 2, மொத்தம் 10-ஐத் தாண்டக் கூடாது. இவை தாமாக வந்து சேராது. ஒவ்வொன்றுக்கும் கெடு முடிவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். நெறியாளர் ‘பார்த்துக்கலாம்மா’ என்பது கோப்பில் ஏறாது. விடுப்பு ஆணை கைக்கு வரட்டும். அந்த நாள்கள் 6 ஆண்டில் சேருமா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். ஆய்வு ஆலோசனைக் குழு முன் ஒவ்வொரு செமஸ்டரும் வர வேண்டும் என்பதால், பிரசவ மாதத்தில் வரும் கூட்டத்தைத் தள்ளிவைக்க இப்போதே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.