ராஜாளிக்கும் நாய்க்கும் டிரான்ஸ்மிட்டர்: கேள்வி பதில்

அல் ஐன் பக்கம் ஒரு பண்ணையில் 12 வருடமாக ராஜாளிகளைப் பழக்கி வருகிறேன். பறந்துபோன பறவையைத் தேடிப் பிடிக்க அதன் உடம்பில் கட்டும் சின்ன ரேடியோதான் டிரான்ஸ்மிட்டர்; அது அனுப்பும் சிக்னலை நம் கையில் இருக்கும் ரிசீவர் பிடிக்கும். இதைப் பற்றி, வளைகுடாவில் இதே வேலைக்கு வந்திருக்கும் நம் பிள்ளைகளும் ஊரில் இருப்பவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தோஹா: அண்ணே, வாலில் கட்டுறதா, காலிலா, முதுகிலா?

நான் முதுகைத்தான் சொல்வேன். டெஃப்லான் நாடாவை மார்பின் குறுக்கே கொண்டுவந்து தைப்பார்கள். இறுக்கினால் சதையை அறுக்கும், தளர்த்தினால் இறக்கை மாட்டிக்கொள்ளும். அதனால் முதல் முறை கை தேர்ந்தவரை வைத்தே கட்டு. வாலில் என்றால் நடு இறகில் கிளிப் ஒட்ட வேண்டும். இறகு முற்றாமல் குருத்தாக இருந்தால் தொடாதே. இறகு உதிரும் பருவத்தில் இறகோடு டிரான்ஸ்மிட்டரும் போய்விடும். காலில் கட்டினால் தொங்கும் ஆன்டெனா முள்ளில் சிக்கும். பறவை மின்கம்பத்தில் உட்கார்ந்தால் அந்த ஆன்டெனாக் கம்பியே எமன்.

எடை, பறவையின் எடையில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோ ஹுர் (சேக்கர் ராஜாளி) பெட்டைக்கு 30 கிராம்தான் எல்லை. அதற்கும் பாதியில் நின்றால் நல்லது.

இன்னொன்று. புர்காவை, அதாவது கண்தொப்பியை, கழற்றும் முன் ரிசீவரில் 'டிக் டிக்' கேட்கிறதா என்று காதால் கேள். பல டிரான்ஸ்மிட்டர்கள், அணைத்து வைக்க ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்தால்தான் ஓடும். காந்தத்தை எடுக்க மறந்து ஒரு ஷாஹீனை (பெரிகிரின் ராஜாளி) பறக்கவிட்டவன் நான். மூன்று நாள் தேடினேன், கிடைக்கவே இல்லை.

துபாய்: ஜிபிஎஸ் வந்தாச்சே, பழைய ரேடியோ எதுக்கு?

தேவை, தம்பி. ஜிபிஎஸ் கருவி தன் இடத்தைச் செயற்கைக்கோள்களை வைத்துக் கணக்கிட்டாலும், அதை உன் கைக்கருவிக்கு அனுப்புவது ரேடியோதான். பறவை இரையைப் பிடித்து மணல்மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டால் அந்த அலை மேட்டைத் தாண்டாது. வானத்தில் இருக்கும்போது பல கிலோமீட்டருக்கு வரும் சிக்னல், தரையில் இறங்கியதும் சட்டென்று சுருங்கிவிடும்.

துபாய், மீண்டும்: கடைசியா காட்டின புள்ளிக்குப் போனா போதாதா?

அந்தப் புள்ளி, கருவி கடைசியாகப் பேசிய இடம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் பறவை நிமிடத்துக்கு ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். புள்ளி வரைக்கும் போ, அங்கே உயரமான மேட்டில் ஏறி யாகி ஆன்டெனாவை, அதாவது திசை காட்டும் ஆன்டெனாவை, மெதுவாகச் சுற்று. போன குளிர்காலத்தில் எங்கள் பெட்டை ராஜாளி ஒன்று தொலைந்தபோது, கைபேசியில் புள்ளி நின்ற இடத்தில் வெறும் மணல். மேட்டில் ஏறியதும் வடக்கே மெல்லிய டிக். நடக்க நடக்கச் சத்தம் கூடியது. கூடக் கூட கெயினை, அதாவது ரிசீவரின் உணர்திறனை, குறைத்தேன், குறைக்காவிட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சத்தமாகக் கேட்கும். நம் ஊர் வன்னி மரம்தான் இங்கே காஃப். அதன் அடியில் இறக்கையை விரித்து இரையை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். ஆன்டெனா மணலில் படிந்திருந்தது.

குவைத்: எங்க பெரியவர் பறவைக்குக் காலில் மணி மட்டும் போதும்கிறார். ரேடியோ சோம்பேறிகளுக்காம்.

பெரியவரின் அனுபவத்துக்கு வணக்கம். மணியையும் கட்டு. லாகூர் மணிக்கு அன்றும் இன்றும் பெயர் உண்டு. ஆனால் காற்று எதிரே அடித்தால் மணிச் சத்தம் எத்தனை தூரம் வரும்? காலில் வாரோடு தொலைந்த பறவை எங்காவது மாட்டித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். அதைத் தடுப்பது சோம்பேறித்தனம் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஷார்ஜா: சாவி, பை தேட உதவும் ஆப்பிளின் ஏர்டேக் கட்டலாமா?

கூடாது. பக்கத்தில் ஆப்பிள் கைபேசி வைத்திருக்கும் ஆள் இருந்தால்தான் அது பேசும். பாலைவனத்தில் யார் இருக்கிறார்கள்?

மஸ்கட்: சலூக்கி வேட்டை நாய்க்குப் பறவை டிரான்ஸ்மிட்டரையே போடலாமா?

வேண்டாம். நாய்க்கென்று ஜிபிஎஸ் பட்டை இருக்கிறது, அடியையும் புதரையும் தாங்கும். ஸ்காட்லாந்துப் புல்வெளிகளில் பாயின்டர் நாய் பறவையை மோப்பம் பிடித்துக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அசையாமல் நிற்கும். அது நிற்பதைக் கைக்கருவி காட்டியதும் ராஜாளியை மேலே அனுப்புவார்கள். சலூக்கிக்குத் தலை ஒடுக்கம், பட்டை எளிதில் கழன்றுவிடும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கட்டு. ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிடு, ஈரத்தோடு விட்டால் கழுத்து புண்ணாகும்.

அபுதாபி: ஏர்டேக் 11 கிராம்தானே, தாங்காதா?

எடை தாங்கும், கருவி உதவாது. மேலே சொல்லிவிட்டேன், படியுங்கள்.

மதுரை: வல்லூறுக் குஞ்சு கிடைச்சிருக்கு, பழக்கி டிரான்ஸ்மிட்டர் போடணும்.

வனத்துறையிடம் இன்றே ஒப்படையுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

சென்னை: நாகாலாந்தில் அமூர் வல்லூறுக்குப் போட்டதும் இதேதானா?

இல்லை. 2013ல் நாகா, பாங்டி, வோக்கா என்று பெயரிட்ட மூன்று பறவைகளுக்குப் போட்டது சூரிய ஒளியில் ஓடி, செயற்கைக்கோளுக்கே நேராகப் பேசும் கருவி. கடல் தாண்டி ஆப்பிரிக்கா போகும் பாதையைப் பார்க்க அதுதான் சரி. மாலைக்குள் பறவையைக் கைக்குக் கொண்டுவர நமக்கு இதுதான் சரி.

அல் ஐன்: அண்ணே அவசரம். இருட்டிடுச்சு, பறவை வரல. மேற்கே லேசா டிக் கேக்குது.

டிரான்ஸ்மிட்டர் ஓடுகிறது, அதுவே பாதி நிம்மதி. இப்போது நிற்கும் இடத்திலிருந்து திசையைக் குறி. வண்டியில் ஒரு கிலோமீட்டர் தெற்கே போய் இன்னொரு முறை குறி. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் அவள் அடைந்திருப்பாள், இருட்டில் பெரும்பாலும் நகர மாட்டாள். விளக்கடித்து விரட்டிவிடாதே. ரிசீவரைச் சார்ஜில் போடு. விடியலுக்கு அரை மணி முன்பே அங்கே நில், கையில் தில்வாவும் (பறவையைக் கவர்ந்து இழுக்கச் சுழற்றும் போலி இரை) இறைச்சியும் இருக்கட்டும். உன் கைபேசி எண்ணைத் தனியாக அனுப்பு, நானும் வருகிறேன். மற்றவர்களுக்கு நாளை எழுதுகிறேன்.