பிராசசர் சூடானால்?

கேள்வி: பாகங்கள் வாங்கி நானே பூட்டிய கணினியில், வீடியோ எடிட்டிங்கின்போது ரைசன் 5 5600 பிராசசரின் வெப்பம் 90 டிகிரியைத் தொட்டு, வேகமும் குறைகிறது. வாட்டர் கூலர் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 65 வாட் பிராசசரான இதற்கு உடன் வரும் கூலரே பெரும்பாலும் போதும். 90 டிகிரி என்பது இதைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் வகுத்துள்ள உச்சவரம்பு என்பதால், அதை எட்டியதும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கிறது. முதலில் கூலரின் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். பிறகு, கணினியைச் சற்று ஓடவிட்டு அணைத்து, தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை) இளகியிருக்கும்போதே கூலரின் திருகுகளைக் கழற்றி, அதை இலேசாக இடவலமாகத் திருப்பி எடுங்கள்; வெடுக்கென இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பெயர்ந்து, அதன் அடியிலுள்ள ஊசிகள் வளைந்துவிடக்கூடும் (பலரும் பணத்தைத் தொலைப்பது இங்குதான்). பேஸ்ட் ஓரிடத்தில் தடித்தும் மறுபுறம் ஒட்டாமலும் இருந்தால், திருகுகள் சமமாக இறுகவில்லை என்று பொருள். அதைத் துடைத்துவிட்டு, புதிய பேஸ்டைப் பட்டாணி அளவு வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள்.