தொட்டானா, தொடவில்லையா?

கேள்வி: நெடுந்தொடர்களில் நல்லவள் ஆயிரம் எபிசோடு அழுகிறாள். கெட்டவளுக்குத் தண்டனை கடைசி வாரம். இதுதான் அறமா? — வாசகர், திருச்சி

பதில்: தண்டனையா? கோயில் வாசலில் விழுந்து அழுதால் குடும்பமே அவளை மன்னித்துவிடுகிறது. அவளால் வேலை இழந்த சமையற்காரரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

கேள்வி: புராணத் தொடர்களில் கதையை இஷ்டத்துக்கு மாற்றுகிறார்களே, பாவமில்லையா? — வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் பாவக் கணக்கில் கம்பரையும் சேர்க்க வேண்டியிருக்கும், அம்மா. சம்மதமா?

1987இல் ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. மயிலாப்பூரில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே ஒரு டி.வி., வீட்டுக்காரர் கூடத்தில். பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், மேலே ஊதுவத்தி. சாம்பல் அடிக்கடி திரையில் உதிரும். இந்தி ஒருவருக்கும் தெரியாது. என் பாட்டிதான் எல்லோருக்கும் கதை சொல்வார். அவருக்கும் இந்தி தெரியாது என்பது வேறு விஷயம்.

ராவணன் சீதையைக் கையால் பற்றியதும் பாட்டி எழுந்தே விட்டார். “ஐயையோ, தொட்டுவிட்டானே! அவன் தொடவே இல்லையே!”

பாட்டி கேட்டு வளர்ந்தது கோயில் பிரசங்கத்துக் கம்பராமாயணம். அதில் ராவணன் சீதையைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துத் தூக்கிப்போகிறான். வால்மீகியிலோ ஒரு கையால் கூந்தலையும் மறு கையால் தொடையையும் பற்றித் தூக்குகிறான். டி.வி.க்காரர் வால்மீகி பக்கம். நம் ஊர்க் காது அதைத் தாங்காது என்று கம்பர் மாற்றினார். விருப்பமில்லாதவளைத் தொட்டால் ராவணனுக்கு மரணம் என்ற சாபம் அவருக்குக் கைகொடுத்தது. அந்த மாற்றத்துக்கு நான் நூறு முறை தலைவணங்குவேன். இப்போதைய தொடர்களில் கைகேயி ஒரு முறை முறைப்பதை மூன்று கோணத்தில், மூன்று இடி முழக்கத்தோடு காட்டுகிறார்களே, அதற்கு விளம்பர இடைவேளையைத் தவிர என்ன காரணம் இருக்க முடியும்?

குறைத்தாலும் சண்டைதான். சாகர் பட்டாபிஷேகத்தோடு முடிக்கப் போகிறார் என்றதும், வட இந்தியாவில் வால்மீகியைத் தங்கள் குலகுருவாகக் கொண்டாடும் வால்மீகி சமூகத்துத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். லவகுசர் கதையில்தானே வால்மீகி வருகிறார், அதை எப்படி விடலாம் என்பது அவர்கள் வாதம். நகரங்களில் குப்பை குவிந்தது. 1988லேயே லவகுசர் கதையும் வந்தது.

பாட்டி அடுத்த ஞாயிறு வரமாட்டார் என்று நினைத்தோம். ஒன்பது மணிக்கே போய் முன்வரிசையில் பாய் போட்டுவிட்டார். கேட்டதற்கு, “அனுமார் வரட்டும், அவன் வாலில் தீ வைக்கிறவனை நான் பார்க்க வேண்டும்” என்றார்.